பௌனே கியாரா மணி விமானம்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு டிசம்பர் மாதம் நடந்தது இது. டெல்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடி ஃப்ளாட் ஒன்றில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. என் கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. காலையில் சார்ட்டர்ட் பஸ் பிடித்துப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பகல் முழுக்க அந்த வீட்டுக்கு நான்தான் ராணி, நான்தான் டெலிபோன் ஆபரேட்டர், நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

மொழிபெயர்ப்பாளர் என்று சும்மா சொல்லவில்லை. ஊரில் இருந்தபோதே இரண்டு ஹிந்தி பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவள் நான். பசுவைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் ஒன்றரைப் பக்கம் எழுதுவேன். டெல்லிக்கு வந்த இரண்டாவது மாதமே காய்கறி வண்டிக்காரரிடம் "பையா, ஜல்தி தோலோ" என்று அதட்டி நிறுக்க வைக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். 'ஆதா கிலோ' என்றால் அரை கிலோ, 'பௌன் கிலோ' என்றால் முக்கால் கிலோ என்பதெல்லாம் அவரிடம் கற்றதுதான். பத்து வருஷமாக டெல்லியில் இருக்கும் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்மணி, "நீ என்னம்மா, ஹிந்தியில பொளந்து கட்டறியே" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், தலைக்கனம் ஏறிவிட்டது. ஹிந்தி விஷயத்தில் என்னை யாராவது சந்தேகப்பட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அந்தச் சமயம் என் மாமனார் எங்களோடு தங்கியிருந்தார். விழுப்புரத்துக்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸில் ரயிலேறி, டெல்லியைச் சுற்றிப் பார்க்க ஒரு மாதம் வந்திருந்தார். குதுப்மினாரைக் காட்டினால் அண்ணாந்து ஒரு நிமிஷம் பார்ப்பார்; உடனே கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்து, வீட்டிலிருந்து இங்கே வர எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று சொல்வார். உலகத்தில் எல்லாமே அவருக்குத் தூரமும் நேரமும்தான். பாலுக்குப் போய்வர ஏழு நிமிஷம், ஊரிலிருந்து போட்ட கடுதாசி வர நாலு நாள் என்று எதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பிடிக்கும். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது என்பதால் வெளியே போனால் என் பக்கத்திலேயேதான் நடப்பார். நான் யாரிடமாவது பேசி முடித்ததும், "என்னம்மா சொல்றான்?" என்று கேட்பார். நான் சொல்வதை அப்படியே நம்புவார்.

அவருக்கு என் கணவரைத் தவிர ஒரே ஒரு பெண். என் நாத்தனார். அவள் எட்டாவது படிக்கும்போதே மாமியார் தவறிவிட்டார். வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் மகளுக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் தூங்குவாராம். கல்யாணமாகிச் சென்னையில் இருந்த அவள், புருஷனோடும் குழந்தையோடும் கனடாவுக்குக் குடிபோக ஏற்பாடாகியிருந்தது. ஜனவரி கடைசியில்தான் பயணம். அதற்குள் ஊர் திரும்பி, இரண்டு வாரம் அவளோடு இருந்து வழியனுப்புவது என்று மாமனார் திட்டம் போட்டிருந்தார்.

ஒரு புதன்கிழமை காலை சென்னையிலிருந்து எஸ்.டி.டி. போன் வந்தது. நாத்தனார்தான். அழுகிறாளா பேசுகிறாளா என்றே தெரியவில்லை. மாப்பிள்ளையின் புதுக் கம்பெனிக்காரர்கள் உடனே வரச் சொல்லிவிட்டார்களாம். மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சென்னையிலிருந்து பம்பாய்க்கு விமானம், அங்கிருந்து கனடா. "அப்பாவைப் பாக்காம எப்படி அண்ணி போவேன்?" என்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. மறுபடி எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது.

அன்று ராத்திரி ரயிலேறினாலும் வெள்ளிக்கிழமை காலையில்தான் சென்னை. ரயிலைத் தவிர வேறெதையும் மதிக்காத மாமனாருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக விமான டிக்கெட் எடுக்கவேண்டி வந்தது. என் கணவர் ஓடியாடி கனாட் பிளேஸில் ஓர் ஏஜெண்ட் மூலம் வியாழக்கிழமை பகல் பன்னிரண்டேகால் விமானத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். நானும் மாமனாரும் சரோஜினி நகருக்குப் போய், குளிர் தேசத்துக்குப் போகிறவர்களுக்கு மெட்ராஸில் எங்கே கிடைக்கப்போகிறது என்று பெரிய கம்பளிக் கோட்டுகள் மூன்று வாங்கினோம். குழந்தைக்கு வாங்கிய சிவப்புக் கோட்டை மட்டும் அவர் வீடு வரும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.

அன்று இரவு சாப்பிட்டதும் அட்லஸைக் கேட்டு வாங்கி, டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தார். கீழ்வீட்டு ஏர்ஃபோர்ஸ்காரரிடம் விமானம் என்ன வேகத்தில் போகும் என்று முன்னாலேயே கேட்டு வைத்திருந்தார்.

"ரயில்ல ரெண்டாயிரத்து நூத்தியெண்பது கிலோமீட்டர். வானத்துல ஆயிரத்து எழுநூத்தி ஐம்பதுதான் வருது. மிச்சம் நானூத்தி முப்பது கிலோமீட்டர் எங்கம்மா போச்சு?"

"மேகத்துல வளைவு கிடையாது மாமா" என்றேன். ரொம்ப ரசித்தார். மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் வேகம், ஏறவும் இறங்கவும் ஓர் அரைமணி, ஆக மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம், ஐந்து நிமிஷம் முன்னேபின்னே ஆகலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் பார்லிமெண்டில் கணவருடைய செக்ஷன் சம்பந்தப்பட்ட கேள்வி ஒன்று வந்தது. அந்த மாதிரி நாளில் பிரளயமே வந்தாலும் லீவு கிடையாது. ஏழு மணிக்கே, "அப்பாவை நீ ஏத்திவிட்டுடு, உனக்குத்தான் ஹிந்தி தெரியுமே" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்.

எட்டு மணிக்கு போன் அடித்தது. ஏஜெண்ட் ஆபீசிலிருந்து ஒரு பெண். படபடவென்று ஹிந்தியில் பேசினாள். விமான நேரத்தை மாற்றி முன்னால் தள்ளிவிட்டார்களாம். 'பௌனே கியாரா'வுக்குக் கிளம்பும், 'பௌனே தீன்' மணி நேரம் ஆகும், ஒன்றரைக்குச் சென்னை போய்ச்சேரும் என்றாள். நான் "அச்சா, அச்சா" என்று கெத்தாகச் சொல்லி, காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். பௌனே என்றால் முக்கால். கியாரா பதினொன்று. ஆகவே பதினொன்றே முக்கால். தீன் மூன்று. ஆகவே மூன்றே முக்கால் மணி நேரம். பன்னிரண்டேகால் விமானம் அரைமணி முன்னதாகப் போகிறது, அவ்வளவுதானே!

தாளை மாமனாரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"பதினொண்ணே முக்காலுக்குக் கிளம்பி மூணே முக்கால் மணி நேரம் ஓடினா, மூணரை ஆகணும். ஒண்ணரைன்னு எழுதியிருக்கியேம்மா?"

"அந்தப் பொண்ணு தப்பாச் சொல்லியிருக்கும் மாமா."

"அதோட மூணே முக்காலெல்லாம் ஆகாது. ரெண்டே முக்கால்தான். இது என்ன, ப்ளேனா, கூட்ஸ் வண்டியா?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஹிந்தி ஒரு எழுத்துத் தெரியாதவர், என் ஹிந்தியில் பிழை கண்டுபிடிக்கிறாரே என்று. "பௌனேன்னா முக்கால் மாமா. அதுல சந்தேகமே வேண்டாம்" என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "இருக்கட்டும்மா. எதுக்கும் ஒரு தடவை போன் போட்டுக் கேட்டுடேன்" என்றார்.

போன் உள்ளறையில் இருந்தது. போனேன். எண்களைச் சுழற்றினேன். எங்கேஜ்டு. இரண்டாவது தடவையும் எங்கேஜ்டு. மூன்றாவது முறை போட்டிருக்கலாம். கிடைத்து, அந்தப் பெண்ணிடம் "நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை" என்று ஹிந்தியில் கேட்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. ரிஸீவரை டொக்கென்று வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். "கேட்டுட்டேன் மாமா. அதேதான்" என்றேன்.

தப்பாகப் புரிந்துகொண்டது அறியாமை. இது பொய். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அப்போது நான் அளந்து பார்க்கவில்லை.

மாமனார் என் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "இப்பவே கிளம்பிட்டா என்ன?" என்று கேட்டார். மணி எட்டு இருபது. காலுக்கு ஷூ மாட்டி, மஃப்ளர் சுற்றி, மடித்த கோட்டுகளின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போது கிளம்பியிருந்தால்கூட எல்லாம் சரியாக நடந்திருக்கும். நானோ, "ஒரு மணி நேரம் முன்னாடி போனாப் போதும் மாமா, இது ரயில் இல்லை" என்று சொல்லி, உட்காரவைத்துச் சாம்பார் சாதமும் வாழைக்காய் வறுவலும் போட்டேன். மறுசோறு வேண்டாம் என்றவரை விடவில்லை. ஸ்டாண்டிலிருந்து டாக்ஸி வந்து நாங்கள் புறப்பட்டபோது ஒன்பது இருபது.

யமுனைப் பாலம் தாண்டியதும் நெரிசல். டிசம்பர் மாதத்தில் எதிர்வீட்டு மொட்டை மாடியே தெரியாதபடி பத்து மணி வரைக்கும் பனி மூடியிருக்கிற ஊர் அது. அன்றைக்கென்று பார்த்துப் பளீரென்று வெயில். பனி இருந்தாலாவது விமானம் நின்றிருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன்.

பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு அவரோடு நானும் உள்ளே போய், கவுண்டரில் டிக்கெட்டை நீட்டியபோது பத்து முப்பத்தைந்து. அங்கே இருந்த இளைஞர் டிக்கெட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விமானத்தின் கதவை மூடிவிட்டார்களாம், இன்னும் பத்து நிமிஷத்தில் கிளம்புகிறதாம். நான் பதறிப்போய், "இல்லையே, பதினொன்றே முக்காலுக்குத்தானே?" என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே போய் மேலதிகாரியை அழைத்து வந்தார்.

ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. பஞ்சாபி முகம், நரைத்த கொண்டை, பச்சை ஸ்வெட்டர். "யார் உனக்குப் பதினொன்றே முக்கால் என்று சொன்னது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"பௌனே கியாரா என்றுதான் போனில் சொன்னார்கள்" என்றேன், கண்ணில் நீர் முட்ட.

அந்த அம்மாள் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, அடக்க முடியாத சிரிப்பு. கவுண்டர் இளைஞரும் சேர்ந்துகொண்டார். பௌனே என்பது மணிக்கு முன்னால் வந்தால் அந்த மணிக்குக் கால்மணி குறைவு என்று, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் விரலை மடக்கிக் காட்டினார். பௌனே கியாரா என்றால் பத்தே முக்கால். பௌனே தீன் என்றால் இரண்டே முக்கால்.

நம் தமிழில் மணியைச் சொல்லிவிட்டு அதன்மேல் முக்காலைச் சேர்ப்போம். அவர்களோ அடுத்த மணியைச் சொல்லி அதிலிருந்து காலைக் கழிக்கிறார்கள். பசுவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியவளுக்கு இது தெரியாது. எனக்குக் காது, கழுத்தெல்லாம் சூடாகிவிட்டது.

"என்னம்மா சொல்றாங்க? ஏன் சிரிக்கிறாங்க?" என்று மாமனார் கேட்டார்.

வேறு யாராவது அவருக்குச் சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது. அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் முட்டாள்தனத்தை நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பௌனே என்றால் இதுதான், விமானம் பத்தே முக்காலுக்கு, நாம் தவறவிட்டுவிட்டோம் மாமா, என்று தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் உதடு எதையோ முணுமுணுத்தது.

"பத்தே முக்காலும் ரெண்டே முக்காலும் ஒண்ணரை. ஒண்ணரைக்குச் சேரும்னுதானே அந்தப் பொண்ணு சொல்லிச்சு? அப்படின்னா என் கணக்கு சரி!"

அந்த மனுஷரின் முகத்தில் அப்படியொரு பெருமிதம். கையிலிருந்த விமானம் போய்விட்டது. மகள் கனடா போகிறாள். இவரோ, நூல் பிடித்து அளந்த கணக்கு ஐந்து நிமிஷம்கூடப் பிசகவில்லை என்று பூரிக்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது.

"பாபுஜி என்ன சொல்கிறார்?" என்று அந்த அம்மாள் கேட்டார். அட்லஸ், நூல், நானூற்று முப்பது கிலோமீட்டர் எல்லாவற்றையும் தப்பும் தவறுமாகச் சொன்னேன். அப்போதுதான் அவர் மாமனாரின் கையில் தொங்கிய கோட்டுகளைக் கவனித்தார். இந்த வெயிலில் இவருக்கு எதற்கு மூன்று கோட்டு என்றார். மகள் இன்று சாயங்காலம் கனடா போகிறாள், பார்க்கத்தான் போகிறார், தாயில்லாத பெண் என்றேன். அந்த அம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த நேர் விமானம் ஒன்று இருபதுக்கு. சென்னை போய்ச்சேர நாலு மணி ஐந்து நிமிஷம் ஆகும். நாத்தனார் குடும்பம் நாலரைக்குள் பாதுகாப்புச் சோதனைக்கு உள்ளே போயாக வேண்டும். அந்த விமானத்தில் இடமும் இல்லை, ஏற்கெனவே பதினோரு பேர் காத்திருப்புப் பட்டியலில். "இருங்கள்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனார்.

நான் ஓடிப்போய் அங்கிருந்த பூத்திலிருந்து நாத்தனாருக்கு எஸ்.டி.டி. போட்டேன். "அப்பா நேரா ஏர்போர்ட்டுக்கே வந்துடுவார், வாசல்லேயே நில்லு" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டேன். திரும்பி வந்தால் மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மணி பார்க்கவில்லை. நான் கவனித்தவரை அவர் மணியே பார்க்காமல் இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடியிருந்தார்.

பன்னிரண்டேகாலுக்கு அந்த அம்மாள் வந்தார். அவர்களுடைய அலுவலகத்து ஆள் ஒருவர் அதே விமானத்தில் சென்னைக்கு வேலையாகப் போக இருந்தாராம். அவரிடம் பேசி, சாயங்கால விமானத்துக்கு மாறிக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். மாமனாரின் கையில் போர்டிங் கார்டைக் கொடுத்து, "பாபுஜி, கிடிகி" என்று ஜன்னல் மாதிரி கையால் சதுரம் வரைந்து காட்டினார். அந்த அம்மாளின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு. காலைத் தொட்டுக் கும்பிடப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்தி, இனிமேல் மணி கேட்டால் இங்கிலீஷில் கேள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமனார் உள்ளே போகும் நேரம் வந்தது. போனில் கேட்காமலேயே கேட்டுவிட்டேன் என்று சொன்னதை அப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"வீட்டுக்கு வந்து அவன் கேட்டா நீ ஒண்ணும் சொல்லிக்க வேணாம். பனி, ப்ளேன் லேட்டு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, கோட்டுகளை அணைத்துக்கொண்டு விடுவிடென்று போய்விட்டார்.

சாயங்காலம் ஏழரைக்கு என் கணவர் வந்த கொஞ்ச நேரத்திலேயே சென்னையிலிருந்து மாமனாரின் போன். கணவர்தான் எடுத்தார். விமானம் தரையிறங்கி, இவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நாலு மணி பதினெட்டு நிமிஷமாம். மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் வாசலிலேயே நின்றார்களாம். பன்னிரண்டு நிமிஷம் கிடைத்ததாம். ஏன் இவ்வளவு லேட் என்று கணவர் கேட்பது எனக்குக் கேட்டது. அந்தப் பக்கத்துக் குரல் ரிஸீவரைத் தாண்டி வந்தது. "பனிடா. டெல்லிப் பனி உனக்குத் தெரியாதா?"

முப்பத்து மூன்று வருஷம் கார்டாக இருந்தவர். வண்டி வழியில் ஒரு நிமிஷம் நின்றாலும் எதனால் நின்றது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டிய உத்தியோகம். தன்னால் தாமதமானால் தன்னால் என்றே எழுதுவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மனுஷர் எனக்காகக் கூசாமல் பனியென்று சொல்கிறார்.

போனை வைத்துவிட்டுக் கணவர், "இன்னிக்கு ஏது பனி? பதில் கொடுத்து முடிச்சிட்டு, செக்ஷன் மொத்தமும் புல்தரையில வெயில் காஞ்சு ஆரஞ்சு தின்னுக்கிட்டிருந்தோம்" என்றார்.

"பாலம் ஏர்போர்ட் பக்கம் இருந்துச்சோ என்னவோ" என்று சொல்லிவிட்டு நான் சப்பாத்திக்கு மாவு பிசையப் போனேன். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

பன்னிரண்டு நிமிஷம். ஒன்றரைக்கே போயிருந்தால் மூன்று மணி நேரம் கிடைத்திருக்கும். மகள் கையால் ஒரு வாய் சாப்பிட்டிருப்பார். பேத்தியைக் கொஞ்ச நேரம் மடியில் போட்டுக்கொண்டிருப்பார். கணக்கு அப்போதே எனக்கு உறுத்தியது. இரண்டு வருஷம் கழித்து அது தாங்க முடியாததாகிவிட்டது. மாமனார் மாரடைப்பில் ஒரு நிமிஷத்தில் போய்விட்டார். நாத்தனாருக்கு அங்கே காகிதங்கள் சரியாகாத நேரம், வர முடியவில்லை. ஆக, அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான் அவள் தன் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது. காரியம் முடிந்த அன்று ராத்திரி என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் எழுந்து விளக்கை அணைத்தார். பிறகு, "அப்பா பனின்னு சொன்னா பனிதான், விடு" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்கும் நாலு வருஷம் கழித்து நாத்தனார் வந்தாள். டெல்லியில் எங்களோடு ஒரு வாரம் தங்கினாள். ஒரு மத்தியானம் சமையலறையில் இரண்டு பேரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். இனியும் மறைக்க முடியாது என்று தோன்றிவிட்டது. பௌனேயில் ஆரம்பித்து, போனில் கேட்டதாகச் சொன்ன பொய் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "உன் அப்பாவோட மூணு மணி நேரத்தை நான்தான் தின்னுட்டேன். என்னை மன்னிச்சுடு" என்றேன்.

அவள் பட்டாணியைக் கீழே வைத்தாள். அப்பா மாதிரியே நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி. அன்னிக்கே அப்பா சொல்லிட்டார்."

நான் உரித்த பட்டாணியைத் தோலோடு போட்டேன். அவள் தொடர்ந்தாள்.

"ரெண்டு நாளா நான் சோறு தண்ணி இல்லாம அழுதுக்கிட்டே இருந்தேன். அப்பாவைப் பாத்தா அங்கேயே உடைஞ்சுடுவேன்னு எனக்கே பயம். அவர் ஓடிவந்தார். வந்ததும் வராததுமா, மூச்சு வாங்கிக்கிட்டே, 'பௌனேன்னா என்ன தெரியுமா உனக்கு?'ன்னு ஆரம்பிச்சார். உங்களை மாதிரியே பேசிக் காட்டினார். அந்தப் பஞ்சாபி அம்மா சிரிச்ச மாதிரி சிரிச்சுக் காட்டினார். அந்த வேக்காட்டுல எங்க மூணு பேருக்கும் கோட்டை மாட்டிவிட்டுக்கிட்டே சொன்னார் அண்ணி! சுத்தி இருந்தவங்கல்லாம் எங்களைப் பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க. நான் சிரிச்சுக்கிட்டேதான் உள்ளே போனேன். திரும்பிப் பாத்தா அவரும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். அப்பா முகம்னா எனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

"போன் விஷயம்?" என்றேன்.

"அதுவும் சொன்னார். 'எண்ணைச் சுத்தற சத்தம் கேட்டுச்சு, பேச்சுச் சத்தம் கேக்கல, டொக்குனு வெச்சுட்டு வந்துருச்சு. கேட்டுட்டேன்னு சொல்றப்ப மூஞ்சி பச்சப்புள்ள மாதிரி இருந்துச்சு, அதைப் போய் இல்லைன்னு எப்படிச் சொல்றது?'ன்னார். உங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். நீங்களா சொன்னதால சொல்றேன்."

நான் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி நேரம் அழுதிருக்கவேண்டிய இரண்டு பேர் என் அசட்டுத்தனத்தால் பன்னிரண்டு நிமிஷம் சிரித்துவிட்டுப் பிரிந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனாலும், நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே "சரிம்மா" என்று சொன்ன அந்த மனுஷரிடம், "தப்பு என்னுதுதான் மாமா" என்கிற மூன்று வார்த்தையை அவர் இருந்த இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் சொல்லவில்லை என்பது இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.